முதுகுப்பையும் உறக்கப்பையும்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறிதல்

கோலாலம்பூரை அடுத்த உலு லங்காட்டின் பாங்சுன் நுழைவாயிலில் சனிக்கிழமை காலையில் நின்று, நுவாங் மலையில் இரவு தங்கப் புறப்படுகிறவர்களைப் பின்புறமிருந்து பார்த்தால், பலருடைய முதுகுப்பையின் அடியில் உறக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) ஒன்று பந்தலில் காய்த்த சுரைக்காய் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். மாலையில் லோலோ முகாமில் அதே ஆட்களைப் பார்த்தால், ஒருவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவர் நனைந்த உறக்கப்பையைப் பிழிந்துகொண்டிருப்பார். மூன்றாமவர் எங்கோ வழியில் கழன்று விழுந்த வாருக்குப் பதிலாகக் கயிறு கேட்டு அலைந்துகொண்டிருப்பார். மூவருக்கும் நேர்ந்தவை வெவ்வேறு கோளாறுகளாகத் தோன்றினாலும், பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: உள்ளே இருக்க வேண்டிய பொருள் வெளியே இருக்கிறது. எனினும் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட முடியாது என்பதால், கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் சோதனையை முதலிலும் திருத்தத்தைப் பின்னரும் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லா வார்களையும் ஒரேயடியாக இழுத்துவிட்டால், எது சரிசெய்தது என்பது தெரியாமலே போகும்.

சோதனைக்கு மலை வேண்டியதில்லை. முழுச் சுமையையும் கட்டிக்கொண்டு அடுக்குமாடியின் படிக்கட்டில் பத்து மாடி ஏறி இறங்கினால் போதும். பக்கத்து வீட்டு அக்கா "என்ன தம்பி, வீடு மாறுறீங்களா?" என்று கேட்பார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதுகுப்பை பின்னுக்கு இழுக்கிறது, தோள் வலிக்கிறது

முதலில் உறக்கப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஐம்பது அடி நடந்து பாருங்கள். இழுப்பு நின்றுவிட்டால், குற்றவாளி உறக்கப்பை தொங்கும் இடம். நிற்கவில்லையென்றால், கோளாறு உள்ளே அடுக்கிய விதத்திலோ இடுப்புப் பட்டையிலோ இருக்கிறது.

முதல் நிலைக்கான காரணம் எளிய கணக்கு. ஒன்றரைக் கிலோ உறக்கப்பை முதுகிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருந்தாலும் 35 செ.மீ. தொலைவில் தொங்கினாலும் எடை ஒன்றே. ஆனால் ஆளைப் பின்னுக்குச் சாய்க்கும் திருப்பு விசை எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவதால், அது மூன்றரை மடங்காகிவிடுகிறது. சீன மருந்துக் கடைகளில் பயன்பட்ட டாச்சிங் தராசில் சிறு குண்டொன்று கோலின் நுனிக்கு நகர நகரப் பெரிய எடையை நிறுத்திக் காட்டுவது இதே கணக்கால்தான். உடல் இதை உணர்ந்து முன்னுக்குக் குனிகிறது. குனிந்தபடி நான்கு மணி நேரம் நடந்தால் வலி தோளுக்கும் கழுத்துக்கும் வந்துசேர்கிறது. திருத்தம், உறக்கப்பையை முதுகுப்பையின் உள்ளே அடித்தளத்தில் வைப்பது. அது பருமனான, ஆனால் எடை குறைந்த பொருள். அதன்மேல், முதுகை ஒட்டியபடி, தண்ணீர், அரிசி, அடுப்பு முதலிய கனமானவை வர வேண்டும். ஆடைகள் அவற்றைச் சுற்றியும் வெளிப்பக்கத்திலும் அடைபட வேண்டும்.

இரண்டாம் நிலையில், எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு மறுபடி தொடங்குவதே குறுக்குவழி. இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு இடுப்புப் பட்டையின் நடுவில் வருமாறு வைத்து, பட்டையை முதலில் இறுக்க வேண்டும். அதன் பிறகே தோள் பட்டை. கடைசியாக, தோள் பட்டையின் உச்சியிலிருந்து முதுகுப்பையின் மேல்விளிம்புக்குச் சாய்வாகப் போகும் சிறு வார்கள். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அப்போது எடை முழுவதும் தோளில் இறங்கி, இடுப்புப் பட்டை வெறும் அலங்காரமாக நிற்கிறது. இடுப்புப் பட்டையே இல்லாத பள்ளிக்கூடப் பை வகையாக இருந்தால், இரவு தங்கும் பயணத்துக்கு இரவல் பை ஒன்று கேட்டு வாங்குவது மேல்.

உறக்கப்பை ஆடுகிறது, தொடையின் பின்புறம் இடிக்கிறது

பத்துமலையில் பெரிய காவடி எடுத்தவரைக் கேட்டால் சொல்வார்: எடையைத் தாங்கிவிடலாம், ஆட்டத்தைத் தாங்குவது கடினம். அதனால்தான் காவடியை இடுப்பிலும் தோளிலும் இறுகப் பொருத்திக்கொள்கிறார்கள். தொங்கும் உறக்கப்பையும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம் பிந்தி எதிர்ப்பக்கம் ஆடுகிறது. ஒவ்வொரு முறையும் இடுப்பு அதைத் திருத்திக்கொள்கிறது.

உறக்கப்பையை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். அது முதுகுப்பையோடு சேர்ந்து நகர்ந்தால் கட்டு சரி. அது மட்டும் தனியே நகர்ந்தால், இரண்டு வார் போதவில்லை. மூன்றாவது வார் ஒன்றை முதுகுப்பையின் பக்கவாட்டு வளையங்கள் வழியே குறுக்காகக் கொண்டுவந்து, உருளையை முதுகுப்பையின் அடியோடு அழுத்திக் கட்ட வேண்டும். வெறும் எலாஸ்டிக் கயிற்றை இதற்கு நம்பக் கூடாது. அது இழுபடுவதற்கென்றே பிறந்தது. ஆட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாகத் தொட்டில் போலத் தாலாட்டும்.

இடிப்பதை வெறும் தொல்லையென்று எண்ணிவிட வேண்டாம். பாச்சாட் முகாமிலிருந்து லோலோவுக்கு இறங்கும் வழி முழுக்க வேர்ப் படிகள். (மலாயில் பாச்சாட் என்றால் அட்டை, பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.) அப்படியோர் உயரமான வேர்ப் படியில் நான் காலைக் கீழே வைத்தபோது, அடியில் தொங்கிய உருளை பின்னாலிருந்த படியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு என்னை முன்னுக்குத் தள்ளியது. கால் மட்டும் இறங்கியது, முதுகுப்பை இறங்கவில்லை. இரண்டு கைகளிலும் சேற்றோடு எழுந்த அன்றுதான், அடியில் தொங்கவிடும் பழக்கத்தை விட்டேன். எழுந்து நின்று பார்த்தால் உருளையின் கீழ்ப்பக்கத்தில் வேரின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. ஏறும்போது தெரியாத இக்கோளாறு இறங்கும்போதுதான் வெளிப்படுகிறது என்பதால், படிக்கட்டுச் சோதனையில் இறங்குவதை விட்டுவிடக் கூடாது.

அரை மணிக்கொரு முறை வார் தளர்கிறது

ஒரு மார்க்கர் பேனாவால், வார் பக்கிளுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நடந்தபின் கோட்டைப் பாருங்கள்.

கோடு நகர்ந்திருந்தால், வார் பக்கிளில் வழுக்குகிறது. 25 மி.மீ. பக்கிளில் 20 மி.மீ. வாரைக் கோத்திருக்கலாம், பக்கிளின் பல் தேய்ந்திருக்கலாம், அல்லது வார் பட்டுபோல் வழவழப்பாக இருக்கலாம். பக்கிளை மாற்றும் வரை, வாரின் நுனியை மடக்கி மீண்டும் ஒருமுறை பக்கிளுக்குள் செலுத்தினாலோ, பக்கிளை ஒட்டி ஓர் அரைமுடிச்சுப் போட்டாலோ வழுக்கல் நின்றுவிடும்.

கோடு அதே இடத்தில் இருந்தும் கட்டு தளர்ந்திருந்தால், வாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் உறக்கப்பைதான் இளைத்திருக்கிறது. உள்ளே சிக்கிய காற்று நடையின் குலுக்கலில் மெல்ல வெளியேறுகிறது. கட்டுவதற்கு முன் உருளையின்மேல் முழங்காலை ஊன்றிக் காற்றை வெளியேற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். மூன்றாவது காரணம் மழை. நைலான் வார் நீரை உறிஞ்சிச் சற்று நீளும். பாலியெஸ்டர் வாரில் இது மிகக் குறைவு. ஆகவே மழையில் மட்டும் தளரும் கட்டுக்குப் பாலியெஸ்டர் வார் மாற்றுவதே மருந்து. எந்த வாராக இருந்தாலும், அதன் ஒரு முனையை முதுகுப்பையின் தையல் வளையத்துக்குள் கோத்துவிட்டுக் கட்டுங்கள். முழுதும் கழன்றாலும் உறக்கப்பை மட்டும் விழும், வார் காட்டோடு போகாது. விழுந்த உறக்கப்பையைப் பின்னால் வருபவர் எடுத்துக்கொடுப்பார். வாரை யாரும் பார்ப்பதில்லை.

முகாமில் விரித்தால் நனைந்திருக்கிறது

இது நம் ஊரின் முதன்மையான கோளாறு. கோலாலம்பூரைச் சூழ்ந்த மலைகளில், குறிப்பாகப் பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும், பிற்பகல் இடிமழை வரவில்லையென்றால்தான் வியப்பு. மழை உறை போட்டிருந்தும் உறக்கப்பை எப்படி நனைந்தது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

கீழ்ப்பகுதி மட்டும் நனைந்திருந்தால், மழை உறையே தொட்டியாகியிருக்கிறது. மழை உறை முதுகுப்பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடுகிறது. முதுகை ஒட்டிய பக்கம் திறந்தே கிடக்கிறது. கழுத்தில் இறங்கும் நீர் முதுகுத்தண்டின் வழியே வழிந்து, தோள் பட்டைத் தையல்களில் ஊறி, கீழே மழை உறையின் பள்ளத்தில் தேங்குகிறது. உறக்கப்பை வைக்கச் சொல்லும் இடமும் அதே அடித்தளம்தான். ஒரு முறை மழை நின்ற பிறகும் எனக்குப் பின்னால் வந்த இளைஞர் ஒருவர், "அண்ணே, உங்க பேக்லேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே வருது" என்றார். கழற்றி உறையைச் சாய்த்தபோது ஒரு குவளைக்குக் குறையாமல் பழுப்பு நீர் கொட்டியது. உறையின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சிறு துளையிட்டு ஓரத்தை நூலால் தைத்துக்கொள்ளலாம்.

முதுகை ஒட்டிய பக்கத்தில் மட்டும் ஈரமென்றால், அது மழையல்ல, வியர்வை. ஒரு மூலையில் மட்டும் ஈரமாக இருந்து விரல் ஒட்டினால், மைலோ கலக்கிய போத்தலின் மூடியைச் சரிபாருங்கள். வெளியுறை உலர்ந்திருந்து உள்ளே முழுவதும் சில்லென்றிருந்தால், முந்தைய நாள் காலையில் கூடாரத்தின் பனியீரத்தோடு மடித்து வைத்ததன் பலன் அது.

முதல் இரண்டுக்கும் போத்தல் கசிவுக்கும் சேர்த்து ஒரே திருத்தம் உண்டு: மழை உறையை நம்பாமல், முதுகுப்பையின் உள்ளே நீர்புகா அடுக்கொன்றை அமைப்பது. தடித்த கறுப்புக் குப்பைப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக முதுகுப்பைக்குள் விரித்து, அதில் உறக்கப்பையையும் மாற்று ஆடையையும் போட்டு, வாயை யானைத் தும்பிக்கை போல முறுக்கி மடித்துச் செருகினால் போதும். தண்ணீர்ப் போத்தல் எதுவும் அந்த அடுக்குக்குள் போகக் கூடாது. டிரை பேக் (வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை) வைத்திருப்பவர்கள் அதன் வாயைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்ட வேண்டும். இடம் போதவில்லையென்று ஒரே சுற்றில் பூட்டியது பூட்டியதாகாது. பழைய டிரை பேக்கில் ஐயமிருந்தால், காற்றோடு சுருட்டிப் பூட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். சைக்கிள் டியூப்பில் ஓட்டை தேடுவதைப் போலக் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

கூடாரப் பனியீரத்துக்கு இவை உதவா. நீர்புகா அடுக்கு உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. காலையில் காப்பி கொதிக்கும் நேரத்துக்கு உறக்கப்பையை உள்புறம் வெளியாகப் புரட்டிக் கயிற்றில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இறகு அடைத்த உறக்கப்பை ஈரமானால் பொங்கும் தன்மையை இழந்து பாப்படம் நனைந்ததைப் போலப் படிந்துவிடும்; செயற்கை இழை அடைத்தது ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். நம் காடுகளுக்கு, எடை சற்றுக் கூடினாலும், செயற்கை இழையையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

உள்ளே வைக்க இடமில்லை

"உள்ளே வை என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள், இடமெங்கே?" என்ற கேள்வி நியாயமானது. 20 செ.மீ. விட்டமும் 38 செ.மீ. நீளமும் கொண்ட உருளை ஏறத்தாழ 12 லிட்டரை அடைத்துக்கொள்ளும். 45 லிட்டர் முதுகுப்பையில் அது கால் பங்குக்கு மேல்.

முதலில் சுருட்டும் பழக்கத்தை விடுங்கள். பாய் போலச் சுருட்டினால் மடிப்புகளுக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது. அதோடு, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மடிந்து இழை உடைகிறது. கால் பகுதியிலிருந்து தொடங்கிப் பிடி பிடியாக உறைக்குள் திணிக்க வேண்டும். காற்று தலைப்பக்கம் வழியே வெளியேறிவிடும். இறுக்கும் உறையில் நான்கு வார்கள் இருந்தால், கார் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவது போல எதிரெதிராகச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் உருளை கோணிக்கொள்ளும்.

ஆனால் இறுக்கும் உறையின்மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை. அது உறக்கப்பையைப் பலாக்காய் போலக் கெட்டியாக்கிவிடுகிறது. முதுகுப்பையின் அடியில் பலாக்காயை வைத்தால் நான்கு மூலையும் வெற்றிடமாகக் கிடக்கும். அதே உறக்கப்பையை உறையே இல்லாமல் குப்பைப் பை அடுக்குக்குள் தளர்வாகத் திணித்தால், தலையணைக்குள் இலவம்பஞ்சு போல மூலை முடுக்கெல்லாம் நிரப்பிக்கொண்டு, மேலே வரும் அரிசியும் அடுப்பும் அதைத் தாமே அமுக்கிவிடுகின்றன. இப்படிச் செய்தும் மேலே மூடி பூட்டவில்லையென்றால், வெளியே போக வேண்டியது உறக்கப்பை அல்ல, நுரைப் பாய். நுரைப் பாய் நனைந்தால் துடைத்துவிட்டுப் படுக்கலாம். முதுகுப்பையின் அடியில் உள்ள அந்த இரண்டு வார்களும் இத்தகைய எடையற்ற பொருளுக்குத்தான் பொருத்தம். அதையும் பக்கவாட்டில் நிமிர்த்திக் கட்டினால் வேர்ப் படியில் இடிக்காது.

எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியொன்று உண்டு: இந்த உறக்கப்பை இந்த இடத்துக்குத் தேவைதானா? பினாங்கு தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் போடுகிறவர், உள்ளே பருத்தித் துணி தைத்த இரண்டு கிலோ உறக்கப்பையைத் தெலுக் பாஹாங்கிலிருந்து சுமந்துபோய், இரவெல்லாம் அதன்மேல் படுத்துப் புழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடல் மட்டத்தில் ஒரு கைலி போதும்.

உச்சியில் கட்டினேன், கிளையில் மாட்டுகிறது

முதுகுப்பையின் மூடிமேல் கட்டினால் வேர்ப் படியில் இடிப்பது நிற்கும். பதிலுக்கு வேறு தொல்லைகள் வரும். சுமையின் கனம் உயர்ந்து, சரிவில் ஆள் தள்ளாடுவார். செங்குத்தான இடத்தில் அண்ணாந்து பார்க்கும்போது தலை உருளையில் முட்டும். விழுந்த மரத்தின் அடியில் குனிந்து நுழையும்போது உங்கள் தலை நுழைந்துவிடும், உருளை மரத்தில் மாட்டி நின்றுவிடும். பிரம்புக்கொடியின் முள் வளைந்து பின்னோக்கியிருப்பதால், மாட்டியதும் முன்னுக்கு இழுத்தால் உறை கிழியும். ஓரடி பின்னால் வைத்தால் முள் தானே விடுவிக்கும். கிழிந்த இடத்தில் துணிநாடா ஒட்டி வீடு வரை கொண்டுவரலாம். இறகு எட்டிப் பார்த்தால் வெளியே பிடுங்காமல், உள்பக்கமிருந்து பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பிடுங்கினால் பத்து அதன் பின்னால் வரும்.

நனையவில்லை, ஆனாலும் குளிர்கிறது

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. தலைநகரில் இரவு 24 பாகை என்றால், 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் உச்சியில் 15 பாகையை ஒட்டியும், 2,187 மீட்டர் தஹான் மலையில் அதற்கும் கீழேயும் எதிர்பார்க்கலாம். அந்தக் குளிருக்கு ஏற்ற உறக்கப்பையே இருந்தும் குளிர்ந்தால், அது நாள் முழுதும் நசுங்கிக் கிடந்துவிட்டு, படுக்கும் நிமிடத்தில்தான் வெளியே வந்திருக்கும். முகாமை அடைந்து கூடாரம் எழுந்ததுமே அதை எடுத்து உதறி விரித்துவிடுங்கள். சமையல் முடிவதற்குள் பொங்கிவிடும். உடலுக்கு அடியில் நசுங்கும் பகுதி எப்படியும் சூடு தராது என்பதால், நுரைப் பாயை எடை குறைக்கவென்று வீட்டில் விட்டுவருவதும் இதே அறிகுறியில் வந்து முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகு நாறுகிறது, உறை பிசுபிசுக்கிறது

ஞாயிறு இரவு களைத்து வந்து முதுகுப்பையை மூலையில் போட்டு, அடுத்த சனிக்கிழமை திறப்பவர்களுக்கு வரும் அறிகுறி இது. உறக்கப்பையை அன்றிரவே எடுத்து, மின்விசிறியின் கீழோ நிழலான கொடியிலோ இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். நேர்வெயில் வெளித்துணியை நைந்துபோகச் செய்யும். உறையின் உட்புறம் பிசின் போல ஒட்டி, வெள்ளைச் செதில் உதிர்ந்தால், அதன் நீர்புகாப் பூச்சு நம் ஈரக்காற்றில் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். முதுகுப்பையின் உள்பூச்சுக்கும் மழை உறைக்கும் இதே கதிதான். அதைக் கழுவி மீட்க முடியாது. செதில்கள் உறக்கப்பையின் துணியில் ஒட்டிக்கொள்வதற்குள் அந்த உறையைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த பயணம் வரை உறக்கப்பையைப் பெரிய பருத்தித் தலையணை உறையொன்றில் தளர்வாகப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.